முன்தணிக்கையை ஒழித்தது மில்டனின் நூல் அன்று

1644இல் ஆங்கிலக் கவிஞர் ஜான் மில்டன் அச்சுரிமையை ஆதரித்து எழுதிய 'அரியோபகிட்டிகா' என்ற நூலால்தான் இங்கிலாந்தில் அச்சுக்கு முந்தைய தணிக்கை ஒழிந்தது எனக் கூறப்படுவது தவறு. அந்நூல் எதிர்த்த 1643ஆம் ஆண்டின் உரிம ஆணையை, அதாவது அச்சிடும் முன் அனுமதி பெற வேண்டும் என்ற ஆணையை, நாடாளுமன்றம் அதற்காக விலக்கிக்கொள்ளவில்லை. சில ஆண்டுகளில் மில்டனே அரசு சார்பு வார இதழ் ஒன்றுக்கு உரிமம் வழங்கும் பொறுப்பில் இருந்தார் என்பதையும் மறைக்கலாகாது.

இடையில் ஒழிக்கப்பட்டிருந்த முடியாட்சி 1660இல் மீண்ட பின், 1662ஆம் ஆண்டின் உரிமச் சட்டம் தலைமை அச்சகர்களின் எண்ணிக்கையை 20 ஆகச் சுருக்கவும், லண்டன், ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் ஆகிய இரு பல்கலைக்கழகங்கள், யார்க் நகரம் ஆகியவற்றுக்கு வெளியே அச்சிடுவதைத் தடுக்கவும் முற்பட்டது. அரசரை எதிர்க்கும் நூலொன்றை அச்சிட்டதற்காக ஜான் ட்வின் என்ற அச்சகர் 1664இல் மரண தண்டனைக்கு உள்ளானார். அவருடைய பெயர்தான் முன்தணிக்கை பற்றிய விவாதத்தில் முதலில் நினைக்கப்பட வேண்டியது என்பேன்.

1679இல் காலாவதியாகி 1685இல் உயிர்பெற்ற அச்சட்டம், 1695இல் புதுப்பிக்கப்படாமலேயே முடிவுற்றது; முன்தணிக்கை ஒழிந்தது அதனால்தான். அப்போது இங்கிலாந்து நாடாளுமன்றத்தின் மக்களவை முன்வைத்த காரணங்களில் கருத்துரிமையைவிட, லண்டன் அச்சகர், புத்தக வணிகர் சங்கத்தின் தனியுரிமை, வரையறையற்ற கட்டணம், வீடு புகுந்து சோதனையிடும் அதிகாரம் ஆகியவையே மேலோங்கியிருந்தன. அரசை அவதூறு செய்ததாகத் தொடுக்கப்படும் வழக்குகள் அதன் பின்னரும் தொடர்ந்தன.