மெல்லிய பூச்சில் வரும் பெரிய எண்கள்

இந்தியாவில் பொருளறிவியல் ஆய்வு வளர்ந்திருக்கிறது, மறுக்க முடியாது. 1953-ல் காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் திறந்தது. 1989-ல் பெங்களூருவில் ஜவஹர்லால் நேரு மேம்பட்ட அறிவியல் ஆய்வு மையம் வந்தது, 2007-ல் மத்திய அரசின் நானோ ஆய்வுத் திட்டமான நானோ மிஷன். பொருள்களின் உள்ளமைப்பை ஆராயத் தீவிர எக்ஸ்-கதிர் தரும் இண்டஸ்-2 சின்க்ரோட்ரான் இந்தூரில் இருக்கிறது. ஆனால் இந்த வளர்ச்சியை ஆய்வுக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் அளப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பேட்டரித் துறையை மட்டும் எடுத்துப் பார்ப்போம்.

ஆய்வகத்தில் சோதனை செல் செய்யும் வழக்கமான முறை இது: கேத்தோடு (நேர்முனை) தூள், மின்சாரம் கடத்தும் கார்பன் பிளாக், துகள்களை ஒட்டவைக்கும் பிவிடிஎஃப் பைண்டர் மூன்றையும் 80:10:10 விகிதத்தில் என்எம்பி என்ற கரைப்பானில் கலக்கி, அலுமினியத் தகட்டில் பூசி, 120 டிகிரி வெற்றிட அடுப்பில் உலர்த்தி, நாணய வடிவிலான சிஆர்2032 காயின் செல்லில் அடைப்பார்கள். பூச்சின் எடை பெரும்பாலும் சதுர செ.மீ.க்கு 1 முதல் 2 மி.கி.தான். அடியில் இருக்கும் 15 மைக்ரான் தகடே 4 மி.கி. எடை! தொழிற்சாலை செல்லில் பூச்சு இதைப்போல் பத்து மடங்கு தடிமன்.

அப்படித் தடிமனாக்கினால் எல்லாம் மாறும். வேகமாக உலர்த்தினால் கரைப்பானோடு பைண்டரும் மேலே ஏறிவிடும். அடியில் பிடிப்பு போய், பூச்சு விரிசல் விட்டு உரியும். அயனிகள் ஆழம்வரை போய்ச்சேர நேரம் பிடிப்பதால், வேகமான சார்ஜில் கொள்ளளவு சரியும். மெல்லிய பூச்சில் இவை எதுவும் தலைகாட்டாது.

எதிர்முனை லித்தியம் இன்னொரு திரை. 0.45 மி.மீ. தகட்டில் சதுர செ.மீ.க்கு 90 மில்லிஆம்பியர்-மணிக்கு மேல் இருக்கிறது, 1.5 மி.கி. கேத்தோடுக்குத் தேவை 0.25கூட இல்லை. இழப்பை எல்லாம் இந்த உபரி ஈடுகட்டிவிடும். லித்தியத்துக்குப் பதில் கிராஃபைட்டை வைத்தால் உபரி கிடையாது: ஒவ்வொரு சார்ஜ் சுற்றிலும் லித்தியத்தில் 99.5% மட்டுமே திரும்பினால், நூறு சுற்றில் மிஞ்சுவது 61% தான். கட்டுரையில் 'சிறந்த நிலைத்தன்மை' என்று போட்ட பொருள், தொழிற்சாலை பாணியில் தட்டையான பையில் அடைத்த பவுச் செல்லில் படுத்துவிடுவது இதனால்தான். (இந்த வியாதி நம் நாட்டுக்கு மட்டும் உரியதல்ல.)

பணம் எங்கே போகிறது என்பதும் கேள்வி. கருவி வாங்க நிதி கிடைக்கும். பராமரிப்பு ஒப்பந்தத்துக்கும் கருவியை இயக்கும் நிரந்தரப் பணியாளருக்கும் கிடைப்பது கடினம். காற்றுப் படாமல் செல் அடைக்க உதவும் ஆர்கான் பெட்டியான கிளவ் பாக்ஸில், ஆக்சிஜனை உறிஞ்சும் தாமிர வினையூக்கியை ஹைட்ரஜன் கலந்த ஆர்கானால் அவ்வப்போது புதுப்பிக்காவிட்டால் உள்ளே ஆக்சிஜன் ஏறும். சென்சார் பழுதாகிக் குறைவாகக் காட்டினால் யாருக்கும் தெரியாது. பொறுப்பில் இருந்த ஆராய்ச்சி மாணவர் பட்டம் வாங்கிப் போனதும் அந்தக் கைப்பழக்கமும் போய்விடும்.

2023-ல் சட்டம் இயற்றி, ஆய்வுகளுக்கு நிதி தரும் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையை அமைத்திருக்கிறார்கள். பேட்டரித் திட்டங்களுக்கு அது மூன்று நிபந்தனை வைக்கலாம்: பூச்சு எடையைச் சொல்லாத முடிவை ஏற்கக் கூடாது, ஒரே மாதிரி குறைந்தது மூன்று செல்களின் தரவு வேண்டும், இரண்டாம் கட்ட நிதிக்கு, சதுர செ.மீ.க்கு 10 மி.கி.க்கு மேல் பூச்சுள்ள முழு செல் (லித்தியம் தகடு இல்லாமல், கிராஃபைட் போன்ற எதிர்முனையோடு) கட்டாயம். கட்டுரைகள் குறையும். குறையட்டுமே.