புதிய உறுப்பும் பாளையங்கோட்டைக் கைதட்டலும்

ஞாயிற்றுக்கிழமை பாளையங்கோட்டைக் கூட்டத்தில் நடந்ததை ஆளுக்கொரு விதமாக எழுதிவிட்டீர்கள். என் கையிலிருந்து ஒலிவாங்கியை வாங்கியவர் எழுதினார், வாங்கியதைப் பார்த்தவர் எழுதினார், கூட்டத்துக்கே வராத ஒருவர் "வாத்தியார் புத்தி போகாது" என்று எழுதி விருப்பக்குறிகளை அள்ளிக்கொண்டார். என் பங்குக்கு நானும் எழுதினால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன். "மனித உடலில் புதிய உறுப்பு கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது" என்று பேச்சாளர் அறிவித்ததும் அரங்கம் கைதட்டியது. அதைப் பார்த்தது யார், எத்தனை பேர் உடலில் பார்த்தார்கள், வேறு எவரேனும் சரிபார்த்தார்களா என்று எழுந்து கேட்டேன். நான் செய்த குற்றம் இவ்வளவுதான்.

அவர் "புதிது" என்று காட்டிய முதல் படம் மெசன்டரி. குடலை வயிற்றின் பின்சுவரோடு பிடித்து வைத்திருக்கும், இரத்தக் குழாய்கள் ஓடுகிற சவ்வு மடிப்பு அது. மேலப்பாளையத்தில் ஆட்டுக்குடல் சுத்தம் செய்கிறவர் தினமும் காலையில் அதை விரலால் வழித்துப் பிரிக்கிறார்; அவரிடம் போய்ப் புதிய உறுப்பு என்று சொன்னால் சிரிப்பார். லியனார்டோ டா வின்சி வரைந்திருக்கிறார். ஆஸ்திரிய உடற்கூறியலாளர் கார்ல் டோல்ட் 1870களின் இறுதியிலேயே அது தொடர்ச்சியான ஒரே அமைப்பு என்று விவரித்தார். ஆனால் 1885இல் லண்டன் அறுவை மருத்துவர் பிரெடரிக் டிரீவ்ஸ் அது துண்டு துண்டாக இருப்பதாகச் சொல்ல, பாடநூல்கள் அவர் பக்கம் சாய்ந்துவிட்டன. (பின்னாளில் ஏழாம் எட்வர்டு மன்னருக்குக் குடல்வால் கட்டியை அறுத்தவர் அவர்; பெரிய இடத்து மருத்துவர் சொன்னால் எடுபடுவது எல்லா ஊரிலும் உண்டு போலும்.) அயர்லாந்தின் லிமெரிக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கால்வின் காஃபியின் குழு 2012இல் அது தொடர்ச்சியானதுதான் என்று காட்டியது, 2016இல் லான்செட் குழும மருத்துவ இதழ் ஒன்றில், இதை ஓர் உறுப்பாகவே கருதலாம் என்று காஃபியும் அவருடைய சக ஆய்வாளரும் எழுதினார்கள். குடல் அறுவைக்குப் பயன்படும் நல்ல ஆராய்ச்சி அது. அதில் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. அடுத்த ஜனவரியில் செய்தித்தாள்கள் அதை "79ஆவது உறுப்பு" ஆக்கியதில்தான் சண்டை. 78 வரை எண்ணியது யார்? உறுப்புகளுக்கு வரிசை எண் போட்டு எந்த அமைப்பும் பட்டியல் வைத்திருக்கவில்லை.

இரண்டாவது படம் இன்டர்ஸ்டிஷியம், அதாவது திசுக்களுக்கிடையேயுள்ள இடைவெளி; 2018இல் செய்தியானது. உறைய வைத்து எடுத்த திசுவில் நீர் நிறைந்த இடைவெளிகள் அப்படியே இருப்பதை அமெரிக்க ஆய்வாளர்கள் பார்த்தார்கள். வழக்கமான முறையில் பதப்படுத்திச் சீவும்போது நீர் வடிந்து அவை அமுங்கிப்போவதால் முன்பு தெரியவில்லை என்றார்கள். சுவையான செய்தி. திசுக்களுக்கிடையே நீர் இருப்பது ஏற்கெனவே எல்லாருக்கும் தெரியும் என்ற வரி மட்டும் எந்தத் தலைப்புச் செய்தியிலும் இல்லை.

மூன்றாவது படத்தைக் காட்டியபோதுதான் நான் எழுந்தேன். 2020இல் ஆம்ஸ்டர்டாமின் நெதர்லாந்து புற்றுநோய் நிலையத்தில், பெரும்பாலும் ஆண்களுக்கு வரும் புராஸ்டேட் புற்றுநோய்க்காக ஸ்கேன் எடுக்கப்பட்ட 100 பேரின் படங்களில், மூக்கின் பின்புறம் தொண்டையோடு சேருமிடத்தில் ஓர் இணைச் சுரப்பிப் பகுதி தெரிந்தது. இரண்டு சடலங்களையும் அறுத்துப் பார்த்தார்கள். நான்காவது இணை பெரிய உமிழ்நீர்ச் சுரப்பி என்று சொல்லலாமா என்றார்கள்; ஏற்கெனவே வாயிலும் தொண்டையிலும் சிதறிக் கிடக்கும் ஏறத்தாழ ஆயிரம் சிறு சுரப்பிகளில் சிலவற்றின் கூட்டம்தான் அது என்று மற்றவர்கள் மறுத்தார்கள். அந்த 100 பேரில் பெண் ஒரே ஒருவர். எத்தனை பேர் உடலில் பார்த்தார்கள் என்று நான் கேட்டது இதற்காகத்தான், திமிரினால் அல்ல.

என் மதினிக்குத் தொண்டையில் கதிர்வீச்சு சிகிச்சை நடந்தது. நோய் போனது, எச்சிலும் கூடவே போனது. சொதியை முழுக்க ஊற்றிக் குழைத்த சோறும் தண்ணீர் குடிக்காமல் உள்ளே இறங்காது. இரவில் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு விழித்துவிடுவார். அவருடைய கைப்பேசிக்கும் அந்தப் படம் வந்தது, "உமிழ்நீர் வறட்சிக்குத் தீர்வு" என்ற வரியோடு. "தம்பி, தொண்டைக்குள்ள புதுசா எச்சிச் சுரப்பி கண்டுபிடிச்சிருக்காவளாம்லா, எனக்கும் அது இருக்குமா?" என்று கேட்டார். அது எல்லாருக்கும் பிறவியிலிருந்தே இருப்பது, உங்கள் கதிர்வீச்சில் அதுவும் பட்டிருக்கலாம், இனி சிகிச்சை பெறுகிறவர்களுக்கு அந்த இடத்தை ஒதுக்கிக் கதிர் பாய்ச்ச முடிந்தால் பயன் உண்டு என்று நான் அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது. டச்சுக்காரர்கள் எதிர்பார்த்த பயனே அதுதான். 723 நோயாளிகளின் பழைய கதிர்வீச்சுக் கணக்குகளையும் அதற்காகவே அலசினார்கள். படத்தை அனுப்பியவர் இந்தப் பதிலைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

"நீர் மருத்துவரா?" என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். இல்லை. பேச்சாளரும் இல்லை.

"வெள்ளைக்காரன் இன்றைக்குக் கண்டுபிடித்ததைச் சித்தர்கள் அன்றே பாடிவிட்டார்கள்" என்றும் அதே மேடையில் சொன்னார்கள். அன்றே பாடியிருந்தால் அது எப்படி ஐயா புதிய உறுப்பு? எந்தப் பாடல், எந்த அடி? அதே பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே முறையாகப் படித்த ஒருவர் பாடலைச் சொல்லி விளக்கினால் குறிப்பேட்டோடு முன்வரிசையில் உட்கார்ந்து கேட்பேன். பொத்தாம்பொதுவாகச் சித்தர்களைச் சாட்சிக்கு இழுப்பது அவர்களுக்குத்தான் அவமரியாதை.

"பிள்ளைகளின் ஆர்வத்தைக் கெடுக்கிறீர்" என்ற குற்றச்சாட்டை மட்டும் என்னால் எளிதாக விட முடியவில்லை. தவளையை அறுக்க அனுமதி இருந்த காலத்தில் குடலை இடுக்கியால் மெல்லத் தூக்கிக் காட்டுவேன். கண்ணாடித்தாள் போன்ற சவ்வு விரியும், அதில் சிவப்பு இழைகளாக இரத்தக் குழாய்கள் ஓடும். அருவருத்து முகத்தைத் திருப்பி நின்ற பிள்ளைகளும் எட்டிப் பார்ப்பார்கள். அந்த ஆர்வத்துக்குப் பொய்த் தலைப்பு எதுவும் தேவைப்படவில்லை. என்னிடம் ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டு "சார், உக்காருங்க, நேரமாவுது" என்றவரும் அந்த மேசையைச் சுற்றி நின்று பார்த்தவர்தான். அவர் அன்று கேட்ட கேள்விகளுக்கு மணி அடித்த பிறகும் நின்று பதில் சொல்லியிருக்கிறேன். நான் கேட்டபோது மட்டும் நேரமாகிவிட்டது. நம் ஊரில் கைதட்டுகிறவர் பண்பாளர், கேள்வி கேட்கிறவர் பொறாமைக்காரர் என்று எப்போது முடிவாயிற்று? பொன்னாடை போர்த்த மட்டும் நேரம் தாராளமாக இருந்ததே!

இந்தப் பதிவை நீக்கிவிடும்படி நண்பர்கள் சொல்வார்கள். நீக்கப்போவதில்லை. அடுத்த புதிய உறுப்பின் படத்தை அனுப்புகிறவர்கள், ஆய்வு எந்த இதழில் எந்த ஆண்டு வந்தது என்பதையும் சேர்த்து எனக்கு அனுப்புங்கள். தேடிப் படித்துவிட்டு, சொன்னபடி இருந்தால் நானே பகிர்கிறேன். என் மதினியின் எண்ணுக்கு மட்டும் தயவுசெய்து அனுப்ப வேண்டாம்.