ரெஃபரன்ஸ் லிஸ்ட் 10 சதவீதத்துல சேராது

ஒருத்தர் பிஎச்டி தீசிஸ்ல ரெஃபரன்ஸ் லிஸ்ட்டும் 10 சதவீத சிமிலாரிட்டி (மத்தவங்க எழுத்தோட ஒத்துப்போற அளவு, 10 சதவீதம் வரைக்கும் தண்டனை இல்ல) கணக்குல வரும், அதனால லிஸ்ட்ட பாதியா குறைச்சுடுங்கன்னு எழுதியிருக்காங்க, நிறைய பேரு அதையே ஷேர் பண்றாங்க. அது அப்படி இல்லைங்க. யுஜிசியோட (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 ப்ளேஜியரிசம் (எழுத்துத் திருட்டு) விதிமுறையிலயே ரெஃபரன்ஸ், பிப்ளியோகிராஃபி, பொருளடக்கம், முன்னுரை, நன்றியுரை எல்லாத்தையும் விட்டுட்டுத்தான் பாக்கணும்னு தெளிவா போட்டிருக்கு, முறையா சோர்ஸ் சொல்லி எடுத்த மேற்கோளும் அதே மாதிரிதான்.

நீங்களே பாத்துக்கலாம். யுஜிசி வெப்சைட்ல ரெகுலேஷன்ஸ் பகுதியில அந்த பிடிஎஃப் இருக்கு, சிமிலாரிட்டி செக்ல எதெல்லாம் விலக்குன்னு தனி தலைப்பே இருக்கு, ரெண்டு நிமிஷம் போதும். ரிப்போர்ட்ல நம்பர் ஜாஸ்தியா வந்தா பயப்படாம முதல்ல டர்னிடின்ல (சிமிலாரிட்டி செக் பண்ற சாஃப்ட்வேர்) பிப்ளியோகிராஃபி, மேற்கோள் விலக்குற ஃபில்டர் ஆன்ல இருக்கான்னு லைப்ரரில கேளுங்க, பல நேரம் அங்கதான் சிக்கல்.

படிச்சு எழுதுன புத்தகத்தோட பேர தயவுசெஞ்சு லிஸ்ட்லருந்து எடுத்துடாதீங்க, உள்ள மேற்கோள் இருந்து கடைசியில பேரு இல்லன்னா வைவாவுல (வாய்மொழித் தேர்வு) அந்த கேள்விதான் முதல்ல வரும்.