பங்குதாரர் என்று மொழிபெயர்க்காதீர்கள்

எங்கள் ஊர் நூலகத்துக்கு ஒரு வலைத்தளம் இருக்கிறது. பெரிதாக ஒன்றுமில்லை. புத்தகப் பட்டியல், நன்கொடை விவரம், ஆண்டு விழாப் படங்கள், அவ்வளவுதான். முகவரி டாட் ஆர்க்கில் (.org) முடியும். தளத்தைக் கவனிப்பது நான், காசு எடுத்துத் தருவது பொருளாளர். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். ஒவ்வொரு தை மாதமும் ரெனியூவல் பில்லை நீட்டினால் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு ஒரே கேள்விதான் கேட்பார்: "ஏம்ப்பா, பேரு நம்மளது. அதுக்கு வருஷா வருஷம் யாருக்கு வாடகை குடுக்கறோம்?"

"கம்பெனிக்கு சார்" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்தேன். 2019 நவம்பரில் அது முடியவில்லை. டாட் ஆர்க்கையே விற்கப்போகிறார்கள் என்று செய்தி வந்தது.

வாடகை யாருக்குப் போகிறது என்று அப்போதுதான் நானும் உட்கார்ந்து படித்தேன். நாம் காசு கட்டும் கடை ஒரு ரெஜிஸ்ட்ரார். டாட் ஆர்க் பெயர்கள் ஒரு கோடிக்கும் மேல் உண்டு. அத்தனைக்கும் பேரேடு வைத்திருப்பது பப்ளிக் இன்ட்ரஸ்ட் ரெஜிஸ்ட்ரி என்ற லாபநோக்கற்ற அமைப்பு. அதைத் தொடங்கியது இன்டர்நெட் சொசைட்டி, அதுவும் லாபநோக்கற்றதுதான். இவர்களுக்கெல்லாம் மேலே, இணைய முகவரிகளின் பெயர்களுக்கும் எண்களுக்கும் ஒழுங்கு செய்கிற ஐகான் (ICANN) என்ற அமைப்பு. 1998-ல் கலிஃபோர்னியாவில் பதிவானது. அமெரிக்க வணிகத் துறையோடு அதற்கு ஒரு ஒப்பந்தம் இருந்தது. 2016 அக்டோபர் 1-ஆம் தேதி அதுவும் முடிந்தது. இப்போது அங்கே பேரேட்டுக் கம்பெனிகள், ரெஜிஸ்ட்ரார்கள், டிரேட்மார்க் வக்கீல்கள், நெட்வொர்க் பொறியாளர்கள், தொண்டு அமைப்புகள், சாதாரணப் பயனர்கள் எல்லாரும் கூடிப் பேசி விதி செய்கிறார்கள். அரசுகளுக்கும் இடம் உண்டு, ஆனால் ஆலோசனை சொல்லத்தான்.

இதற்கு மல்ட்டி ஸ்டேக்ஹோல்டர் முறை என்று பெயர். தமிழில் எழுதுகிறவர்கள் பலர் 'பங்குதாரர்' என்று போட்டுவிடுகிறார்கள். எனக்கு எரிச்சலாக வரும். பங்குதாரர் என்றால் ஷேர் வைத்திருப்பவர். இங்கே சொல்ல வருவது, முடிவு எப்படிப் போனாலும் அது யார் தலையில் விடியுமோ அவரை. எங்கள் பொருளாளரை. 'தரப்பினர்' என்றே எழுதலாம், குறைந்தபட்சம் பொய் இல்லை.

டாட் ஆர்க் விஷயத்தில் அந்தத் தப்பான மொழிபெயர்ப்பு கிட்டத்தட்ட உண்மையாகிவிட்டது. வருடத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் விலை ஏற்றக் கூடாது என்று, ஐகானும் பேரேட்டு அமைப்பும் போட்ட பழைய ஒப்பந்தத்தில் ஒரு வரம்பு இருந்தது. 2019-ல் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது அதை எடுத்துவிடலாமா என்று ஐகான் கருத்துக் கேட்டது. 3,000 பேருக்கு மேல் எழுதினார்கள். ஏறக்குறைய எல்லாருமே வேண்டாம் என்றார்கள். ஜூன் கடைசியில் எடுத்துவிட்டார்கள். நம்மூர் கிராம சபையில் தீர்மானம் போடுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை.

நவம்பரில் விற்பனை அறிவிப்பு. விற்பது இன்டர்நெட் சொசைட்டி, விற்கப்படுவது அந்தப் பேரேட்டு அமைப்பு. வாங்குவது ஈதோஸ் கேப்பிட்டல், அந்த வருடமே தொடங்கிய முதலீட்டு நிறுவனம். விலை 113.5 கோடி டாலர். வாங்கும் நிறுவனத்துக்கு ஆலோசகராக இருந்தவர் ஐகானின் முன்னாள் தலைமை நிர்வாகி ஃபாடி ஷெஹாடே. இதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை, நீங்களே கூட்டிக் கழித்துக்கொள்ளுங்கள்.

உலகம் முழுக்க தொண்டு அமைப்புகள் கிளம்பின. 2020 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸில் ஐகான் அலுவலக வாசலிலேயே போராட்டம் நடந்தது. ஏப்ரல் 30-ஆம் தேதி ஐகான் இயக்குநர் குழு சம்மதம் தர மறுத்தது. லாபநோக்கற்ற அமைப்பு லாப நிறுவனமாக மாறுவதும், இந்த விற்பனைக்காக அதன் மேல் ஏறவிருந்த 36 கோடி டாலர் கடனும் அவர்கள் சொன்ன காரணங்களில் முக்கியமானவை.

'பார்த்தீர்களா, பல தரப்பு முறை ஜெயித்தது' என்று அப்போது நிறையப் பேர் எழுதினார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. வரம்பை எடுக்காதே என்று எழுதியவர்களும் ஜனவரியில் பதாகை பிடித்தவர்களும் ஒரே பக்கம்தான். ஜூனில் தோற்றார்கள், ஏப்ரலில் ஜெயித்தார்கள். நடுவில் என்ன மாறியது? சத்தம் கூடியது, சரி. அதைவிட, இம்முறை பிடித்துத் தொங்க ஒரு கொக்கி இருந்தது. பேரேடு கை மாற ஐகானின் சம்மதம் வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து. அப்புறம், ஐகான் கலிஃபோர்னியாவின் அறக்கொடைச் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட அமைப்பு என்பது. அந்த மாநில அட்டர்னி ஜெனரல் ஸேவியர் பெசெரா, சம்மதம் தராதீர்கள் என்று ஏப்ரல் நடுவில் கடிதம் எழுதினார். இரண்டு வாரத்தில் முடிவு வந்துவிட்டது. அரசாங்கம் தலையிடாத முறை என்று மார்தட்டுகிறோமே, அதைக் கடைசியில் காப்பாற்றியதில் ஓர் அரசாங்க வக்கீலின் கடிதத்துக்கும் பங்கு உண்டு. வரம்பை எடுத்தபோது அப்படி ஒரு கொக்கி யார் கைக்கும் சிக்கவில்லை. விற்பனையைத் தடுத்த முடிவிலும் அந்த வரம்பு திரும்ப வரவில்லை.

அதற்காக எல்லாவற்றையும் அரசுகளிடம் கொடுத்துவிடலாம் என்கிறவர்களோடும் நான் சேர மாட்டேன். 2022-ல் போர் தொடங்கிய சில நாளில், ரஷ்யாவின் டாட் ஆர்யூவை நீக்குங்கள் என்று உக்ரைன் கேட்டது. ஐகான் மறுத்தது. என் அனுதாபம் உக்ரைன் பக்கம். ஆனாலும் மறுத்தது சரி என்றே நினைக்கிறேன். ஒரு நாட்டின் பெயரை இன்று நியாயமான காரணத்துக்காக அழிக்கப் பழகினால், நாளை காரணம் சொல்லப்போவது யார்?

நம் எழுத்துக்கே வருவோம். 'ஔவை' என்று ஒரே எழுத்தில் தொடங்கலாம். ஒ போட்டுப் பக்கத்தில் ள போட்டும் தட்டலாம். கண்ணுக்கு ஒன்று, கம்ப்யூட்டருக்கு இரண்டு. டொமைன் பெயரில் இது திருடனுக்கு வசதி. இந்த மாதிரிச் சிக்கல்களுக்கு விதி எழுத, தமிழையும் சேர்த்து ஒன்பது எழுத்துமுறைகளுக்கு ஐகான் வழியாக ஒரு குழு உட்கார்ந்தது. எழுத்து தெரிந்தவர்கள் தன்னார்வமாகச் செய்த வேலை. வரைவை வைத்துப் பொதுமக்கள் கருத்தும் கேட்டார்கள். நான் எழுதவில்லை. அப்படி ஒன்று நடந்ததே எல்லாம் முடிந்த பிறகுதான் தெரியும். டாட் ஆர்க்குக்கு அவ்வளவு குதித்தவன் நான்.

அந்த 2019 டிசம்பரில் பயந்துபோய், விலை ஏறுவதற்குள் நீட்டி வைத்துவிடலாம் என்று பொருளாளரிடம் போனேன். எந்தப் பெயரையும் 10 வருடத்துக்கு மேல் பிடித்து வைக்க முடியாது. கையில் இருந்த மிச்சம் போக 9 வருடம்தான் நீட்ட முடிந்தது. முணுமுணுத்துக்கொண்டே பணம் எடுத்துத் தந்து, நோட்டில் 'பேர் வாடகை, 9 வருஷம்' என்று எழுதினார். ஏப்ரல் கடைசியில், ஊரடங்கு நேரம், விற்பனை நின்றுவிட்டது என்று போன் பண்ணிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"நல்லது. அப்ப நாம முன்கூட்டிக் கட்டுன காசத் திருப்பித் தருவாங்களான்னு கேளு."