போன் ஒட்டுக் கேக்குதா? நம்பர் குடுக்கற இடத்தைப் பாருங்க

"தோட்டத்துல மச்சான்கூட உக்காந்து மோட்டார் மாத்தறதைப் பத்திப் பேசிட்டிருந்தனுங்க, பொழுது சாயறதுக்குள்ள ஃபேஸ்புக்ல மோட்டார் விளம்பரம் வந்துருச்சு." பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் இதைக் கேக்காத டீக்கடை இருக்காது. விளம்பரம் வந்தது நிஜம்தான். ஆனா மைக் வழியாக் கேட்டுத்தான் வந்துச்சுங்கறதுக்கு இதுவரைக்கும் யாரும் ஆதாரம் காட்டலை. மைக்கையே சந்தேகப்பட்டுட்டு, தகவல் நெசமா போற வழியை நாம கவனிக்காம விட்டுடறோம்ங்கறதுதான் என் கவலை.

கணக்குப் போட்டுப் பாருங்க. பேச்சை நொடிக்கு 24 கிலோபிட்டுக்குச் சுருக்கி அனுப்பினாலும் ஒரு மணி நேரத்துக்குப் பத்து எம்பிக்கு மேல ஆகும். முழிச்சிருக்கற 16 மணி நேரத்துக்கு 170 எம்பி, மாசத்துக்கு 5 ஜிபி. டேட்டா யூசேஜ் பக்கத்துல அந்த ஆப் பேரோட அது தெரிஞ்சே தீரும். போன்லயே எழுத்தா மாத்தி அனுப்பலாமேன்னு கேக்கறது நியாயமான கேள்வி. அப்பவும் மைக் ஓடித்தான் ஆகணும். ஆண்ட்ராய்டு 9-லயே பின்னணியில சும்மா கிடக்கற ஆப் மைக்கைத் தொட முடியாதபடி பண்ணிட்டாங்க. ஆண்ட்ராய்டு 12-ல இருந்து மைக் ஓடினா மேல பச்சை அடையாளம் வரும், ஐபோன்ல ஐஓஎஸ் 14-ல இருந்து ஆரஞ்சுப் புள்ளி. அமெரிக்காவுல நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-ல 17,000-க்கு மேல ஆண்ட்ராய்டு ஆப்களை ஆராய்ஞ்சாங்க. திருட்டுத்தனமா மைக்கைத் திறந்த ஆப் ஒண்ணுகூடச் சிக்கலை. ஆனா திரையில நாம பண்றதை வீடியோவாப் பிடிச்சு வேற கம்பெனிக்கு அனுப்பின ஆப் சிக்குச்சு. அதைப் பத்தி யாராவது பேசறோமா?

மைக் மேல பழியே இல்லைன்னு சொல்ல மாட்டேன். அல்போன்சோங்கற கம்பெனியோட மென்பொருள் இருந்த கேம் ஆப்கள், வீட்டுல என்ன டிவி நிகழ்ச்சி ஓடுதுன்னு மைக் வழியாக் கண்டுபிடிச்சது 2017-லயே வெளிய வந்துச்சு. கேம் போட்டவங்க அனுமதி குடுத்துத்தான் இருந்தாங்க, படிக்காம. ஐபோன்ல குரலுக்குப் பதில் சொல்ற சிரி, கூப்பிடாமலே முழிச்சுப் பேச்சைப் பதிவு பண்ணினதாப் போட்ட வழக்குல, தப்பை ஒத்துக்காமலே 9.5 கோடி டாலர் குடுக்க ஆப்பிள் 2024 கடைசியில சம்மதிச்சுது. காக்ஸ் மீடியா குரூப்ங்கற அமெரிக்க மீடியா கம்பெனி 'பேச்சைக் கேட்டு விளம்பரம் போடறோம்'னு விளம்பரதாரர்கள்கிட்டச் சொல்லி வித்ததும் நடந்துச்சு. அது சொன்னபடி வேலை செஞ்சுதுங்கறதுக்குத்தான் சாட்சி இல்லை.

சரி, மோட்டார் விளம்பரம் எப்படி வந்துச்சு? வழி ஒண்ணு ரெண்டு இல்லைங்க. மச்சான் டீ குடிச்ச கையோட உங்க வீட்டு வைஃபையிலயே 7.5 எச்பி சப்மர்சிபிள் விலையைத் தேடியிருப்பாரு. ரெண்டு போனும் வெளிய தெரியறது ஒரே ஐபி முகவரியில, அதாவது இன்டர்நெட்டுல உங்க வீட்டு இணைப்போட எண்ல. அதனால அவரு தேடினதை வெச்சு உங்களுக்கும் விளம்பரம் வரலாம். போன வருஷம் பைப் வாங்கின கடையில பில் போடறப்ப உங்க நம்பரைச் சொல்லியிருப்பீங்க. கடைக்காரரு அந்த நம்பர் பட்டியலை ஃபேஸ்புக்கையும் வாட்ஸ்அப்பையும் நடத்தற மெட்டா கம்பெனியில ஏத்தினா, அது சங்கேதமா மாறிப் போய், அதே நம்பர்ல இருக்கற உங்க கணக்கோட பொருந்திக்கும். வாட்ஸ்அப்ல ஆளுக்கு ஆள் பேசறதை மெட்டா படிக்க முடியாது, ஆனா அதுல வந்த லிங்க்கைத் தொட்டுக் கடையோட வெப்சைட்டுக்குள்ள போனீங்கன்னா அங்க இருக்கற மெட்டா பிக்சல், அதாவது யார் வந்தாங்கன்னு மெட்டாவுக்குத் தெரிவிக்கற சின்ன நிரல், சொல்லிடும். இது எதுவுமே இல்லைன்னாலும், கோடையில போர்ல தண்ணி இறங்கற சமயத்துல பொள்ளாச்சியைச் சுத்தி 40 கிலோமீட்டர், விவசாயத்துல ஆர்வம் உள்ளவங்கன்னு குறிச்சா, பேசினவங்க பேசாதவங்க எல்லாருக்கும் அதே விளம்பரம் போகும். பேசினவங்க கண்ணுல மட்டும் அது படும்.

அதனால பண்ண வேண்டியது வேற. ஆண்ட்ராய்டுல செட்டிங்ஸ், கூகுள், விளம்பரங்கள்னு போய், விளம்பரக் கம்பெனிகள் உங்க போனை அடையாளம் காணற விளம்பர ஐடியை அழிங்க. சில போன்ல இது பிரைவசிக்குள்ள இருக்கும். ஐபோன்ல பிரைவசி அண்ட் செக்யூரிட்டிக்குள்ள டிராக்கிங்கை அணைங்க. ஃபேஸ்புக்ல அக்கவுண்ட்ஸ் சென்டர் போய், மெட்டாவுக்கு வெளிய நடக்கற உங்க செயல்பாடுகள்ங்கற பகுதியைத் திறந்து பாருங்க. நீங்க நுழைஞ்ச கடை, ஆப் எல்லாம் பேரோட வரிசையா நிக்கும். பழசை அழிச்சுட்டு, இனிமே சேராம துண்டிச்சு விடுங்க. விளம்பரம் எண்ணிக்கையில குறையாது, குறி வெக்கறதுதான் குறையும். மைக் சந்தேகம் தீரணும்னா, ஆண்ட்ராய்டு 12-ல இருந்து செட்டிங்ஸ்ல இருக்கற பிரைவசி டேஷ்போர்டுல கடைசி 24 மணி நேரத்துல எந்த ஆப் எப்ப மைக்கைத் தொட்டுச்சுன்னு மணி நிமிஷத்தோட இருக்கு. பில் கவுன்ட்டர்ல நம்பர் கேட்டா வேண்டாம்னு சொல்லலாம். வாரண்டிக்குப் பெரும்பாலும் பில்லும் சீரியல் நம்பரும் போதும்.

இன்னும் நம்பிக்கை வரலைன்னா முறையாச் சோதிச்சுப் பாருங்க. வீட்டுல யாருக்கும் தேவையே இல்லாத பத்துப் பொருளைக் காகிதத்துல எழுதி, சீட்டுக் குலுக்கி ஒண்ணை எடுங்க. அதை எந்த போன்லயும் யாரும் தட்டித் தேடக் கூடாது, வீட்டுப் பசங்க உட்பட. பெரும்பாலான சோதனை கெட்டுப் போறது இங்கதான். போனைப் பக்கத்துல வெச்சுட்டு அந்தப் பொருளைப் பத்தி வாய்விட்டுப் பேசுங்க. பேசறதுக்கு முன்னாடி மூணு நாள், பேசின பிறகு மூணு நாள், வர்ற விளம்பரத்தை நோட்டுல எழுதி வெச்சு, ரெண்டு பட்டியலையும் கமெண்ட்ல போடுங்க, பார்க்கலாம்.