கோப்பு 'பேசவும்' என்று திரும்பி வந்தால்

டிஎன்பிஎஸ்சி தேறிப் புதிதாக வேலைக்கு வரும் தம்பி தங்கைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: "சார், ஆபீஸ் அரசியலில் மாட்டிக்கொள்ளாமல், கையில் கறை படாமல் கடைசிவரை வேலை பார்த்துவிட முடியுமா?"

முடியும். அதற்கு முதலில் கோப்பில் நன்றாகக் குறிப்பு (அதுதான் ஆபீஸில் 'நோட்') எழுதப் பழகுங்கள் என்றுதான் சொல்வேன். வீறாப்பும் வாய்ச்சண்டையும் இரண்டு நாளில் தீர்ந்துவிடும். கோப்பில் எழுதியது நீங்கள் மாறுதலாகிப் போன பிறகும் இருக்கும்.

தப்பான காரியத்தைச் செய்யச் சொல்லி யாரும் எழுத்தில் ஆணையிடுவதில்லை. கோப்பு மேலே போகும். திரும்பி வரும்போது ஓரத்தில் "பேசவும்" என்று எழுதி, இனிஷியல் மட்டும் போட்ட ஒரு சுருக்கொப்பம் இருக்கும். (நல்ல அதிகாரிகளும் சந்தேகம் தெளிய அப்படி எழுதுவதுண்டு. அதில் குற்றமில்லை.) சிக்கல் எல்லாம் உள்ளே போன பிறகுதான். "அந்த வரியை எடுத்துட்டு வேற நோட் போட்டுக் கொண்டாம்மா." அவ்வளவுதான் பேச்சு. அறையைவிட்டு வெளியே வந்தால் அதற்குச் சாட்சி கிடையாது. சில வருஷம் கழித்துத் தணிக்கைத் தடை (தணிக்கையாளர்கள் எழுப்பும் ஆட்சேபணை) வரும்போது கோப்பில் இருப்பது உதவியாளரின் கையெழுத்து. ஒழுங்கு நடவடிக்கைக்கான 17பி குறிப்பாணையும் (குற்றச்சாட்டுக் கடிதம்) அவர் பெயருக்குத்தான் வரும். குற்றச்சாட்டு நிலுவையில் இருக்கும்வரை பதவி உயர்வுப் பேனலில் அவர் பெயர் ஏறாது. கூட வேலைக்குச் சேர்ந்தவர்கள் எல்லாம் கண்காணிப்பாளராகிப் போவதைப் பார்த்துக்கொண்டு அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

நான் பக்கத்தில் இருந்து பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். அலுவலகத்துக்கு மேசை நாற்காலி வாங்க மூன்று விலைப்புள்ளிகள் (கொட்டேஷன்) வந்திருந்தன. மூன்று கடைகளுக்கும் லெட்டர்பேட் வேறு வேறு. உள்ளே பார்த்தால் பொருள்களின் வரிசை ஒன்று, தேதி ஒன்று, மூன்றிலும் 'நாற்காலி' என்பது 'நார்காலி' என்றே இருந்தது. செக்‌ஷனில் அப்போதுதான் சேர்ந்திருந்த ஒரு பெண்ணிடம் அந்தக் கோப்பு வந்தது. அவர் சத்தம் போடவில்லை, தேநீர்க் கடையில் போய்ப் பேசவும் இல்லை. இப்படி எழுதினார்: "வரப்பெற்ற மூன்று விலைப்புள்ளிகளிலும் பொருள்களின் வரிசையும் எழுத்துப்பிழையும் ஒன்றாகவே உள்ளன. புதிய விலைப்புள்ளிகள் கோரலாமா என்பது குறித்து ஆணை வேண்டிப் பணிந்து சமர்ப்பிக்கப்படுகிறது."

இதில் யாரையும் திருடன் என்று சொல்லவில்லை, கண்டதை மட்டும் சொல்லியிருக்கிறார். அந்தக் கோப்பு "பேசவும்" என்று திரும்பி வந்தது. போனார், நின்று கேட்டார், "சரிங்க சார்" என்று வந்து உட்கார்ந்து அதற்குக் கீழேயே எழுதினார்: "அலுவலரிடம் நேரில் பேசப்பட்டது. வரப்பெற்ற விலைப்புள்ளிகளையே பரிசீலிக்க வாய்மொழியாக அறிவுறுத்தப்பட்டது. எழுத்துப்பூர்வ ஆணை வேண்டிச் சமர்ப்பிக்கப்படுகிறது."

கோப்பு மேலே கொஞ்ச நாள் கிடந்தது. பிறகு, புதிதாக விலைப்புள்ளி கோரச் சொல்லி ஆணை வந்தது. வாய்மொழி உத்தரவு காகிதத்தில் ஏறிவிட்டால் அதன்மேல் பச்சை மையில் கையெழுத்துப் போட எவருக்கும் கை வராது. அடுத்த சில மாதங்களில் அந்தப் பெண்ணைத் தபால் பிரிவுக்கு மாற்றினார்கள். மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிறவர்களும் குறைந்தார்கள். இந்த விலை உண்டு என்பதை மறைத்துவிட்டுப் புதியவர்களுக்கு உபதேசம் செய்ய எனக்கு மனசு வராது.

ஆனால் அவர் செய்தது வெறும் பிடிவாதம் என்று நினைத்துவிடாதீர்கள். வாய்மொழி உத்தரவை எழுத்தில் உறுதிசெய்ய வேண்டும் என்பதை 1968-ஆம் ஆண்டின் அகில இந்தியப் பணிகள் நடத்தை விதிகளே சொல்கின்றன. முன்னாள் அமைச்சரவைச் செயலர் டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் உள்பட ஓய்வுபெற்ற அதிகாரிகள் 83 பேர் தொடுத்த வழக்கில், 2013 அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றம் அதை இன்னும் அழுத்திச் சொன்னது: அரசு அதிகாரிகள் வாய்மொழி உத்தரவின்பேரில் இயங்கக் கூடாது, பதிவு செய்ய வேண்டும், பதிவே இல்லாவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்துக்குப் பொருள் இல்லாமல் போகும். ஐஏஎஸ் அதிகாரிக்கே அந்தப் பாதுகாப்பு தேவைப்படுகிறது என்றால் இளநிலை உதவியாளருக்கு எவ்வளவு தேவை! 2006-இல் மத்திய அரசு கோப்புக் குறிப்புகளைத் தகவல் உரிமைச் சட்டத்தின் கைக்கு எட்டாமல் செய்யப் பார்த்தது. எதிர்ப்புக் கிளம்பியதால் கைவிட்டது. இப்போது கோப்புகளைக் கணினியிலேயே அனுப்பும் இ-ஆபீஸில் மஞ்சள் குறிப்பை, அதாவது வரைவை, திருத்தலாம், கிழித்தும் போடலாம். பச்சைக் குறிப்பை அனுப்பிவிட்டால் நேரத்தோடு பதிவாகி நின்றுவிடும். ஆகவே "மஞ்சள்ல போட்டு அனுப்பும்மா, பார்த்துக்கலாம்" என்றால் ஏன் என்று யோசியுங்கள்.

நம் பக்கமும் ஒழுங்கு வேண்டும். மொட்டைக் கடுதாசி போடாதீர்கள். கோப்பைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். அடுத்தவர் வீட்டு விஷயத்தை இழுத்து அவரை மடக்கப் பார்க்காதீர்கள். எதிரியையும் "சார்" என்றே கூப்பிடுங்கள். உங்களிடம் வந்த தபால்களும் கோப்புகளும் என்ன ஆயின என்று எழுதிவைக்கும் தன்பதிவேட்டில் நிலுவை இருந்தால் முதல் அடி அங்கேதான் விழும், அதைச் சுத்தமாக வைத்திருங்கள்.

கண்காணிப்பாளர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பெண்ணின் இரண்டு குறிப்புகளுக்கும் கீழே "ஏற்கலாம்" என்று எழுதிக் கையெழுத்திட்டவர் ஓய்வுபெறச் சில மாதமே இருந்த ஒரு அம்மா. பென்ஷன் பேப்பர் மேலே போய்க்கொண்டிருந்த நேரம் அது. அந்தக் கையெழுத்து இல்லாவிட்டால், புதுப் பெண் ஏதோ தெரியாமல் எழுதிவிட்டாள் என்று கோப்பையே மூடியிருப்பார்கள். அது விழுந்ததும் செக்‌ஷனின் கருத்தாக ஆகிவிட்டது. இளையவர்களை முன்னே தள்ளிவிட்டு, "எனக்கு ஏன் வம்பு" என்று வெறும் சுருக்கொப்பம் போட்டு அனுப்புகிறவர்கள்மேல் எனக்கு இன்றும் கோபம் உண்டு.

குறிப்பு எழுதுவதால் எல்லா ஆபத்தும் நீங்கிவிடாது. தேசிய நெடுஞ்சாலைப் பணியில் நடந்த முறைகேடுகளைப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதிய பொறியாளர் சத்யேந்திர துபே, தன் பெயரை வெளியிட வேண்டாம் என்றே கேட்டிருந்தார். கடிதம் அவர் பெயரோடு மேசை மேசையாகப் போனது. 2003 நவம்பர் 27 அன்று கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். வழிப்பறிக்காக நடந்த கொலை என்றது சிபிஐ. அவர் பெயரைக் காக்கத் தவறியது அதனால் சரியாகிவிடுமா? முறைகேட்டைச் சொல்கிறவர்களைக் காக்க 2014-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது, குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் கிடைத்தது. நடைமுறைக்குத்தான் வரவில்லை. அகவிலைப்படிக்கும் பழைய ஓய்வூதியத்துக்கும் ஆர்ப்பாட்டம் நடத்தும் நம் சங்கங்கள், அடுத்த கோரிக்கைப் பட்டியலில் இந்தச் சட்டத்தையும் சேர்க்க வேண்டும். எந்தச் சங்கத்தில் இருந்தாலும் சரி, உங்கள் மாவட்டக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள்.