மது கொடுத்தால் வலி தெரியாதா?

'மயக்க மருந்து வருவதற்கு முன்பு நோயாளிக்கு நிறைய மது கொடுத்து நினைவிழக்கச் செய்துவிட்டுத்தான் கத்தி வைப்பார்கள், அதனால் வலி தெரியாது' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது தவறு. அந்த நோயாளிகள் பட்டதை இப்படிச் சுலபமாகத் துடைத்துவிடக் கூடாது.

1811 செப்டம்பர் 30, பாரிஸ். ஆங்கில எழுத்தாளர் ஃபேனி பர்னிக்கு மார்பில் கட்டி. வயது 59. நெப்போலியனின் படை மருத்துவர் லாரே அறுவை செய்தார். அதற்கு முன் பர்னிக்குக் கிடைத்தது மருந்து கலந்த கொஞ்சம் மது, அவ்வளவுதான். முகத்தில் ஒரு மெல்லிய கைக்குட்டையைப் போட்டார்கள். அதன் வழியாகவே கட்டிலைச் சுற்றி நின்ற 7 பேரும், பளபளத்த கத்தியும் தெரிந்தன. அறுத்து முடியும்வரை அலறியதையும், எலும்பைச் சுரண்டியதை உணர்ந்ததையும் பிறகு அக்காவுக்குக் கடிதமாக எழுதினார். கட்டுப்போட்டு முடிக்க 20 நிமிடம். இடையில் இருமுறை மயங்கினார் என்றால் அது வலியால், மதுவால் அல்ல. பல மாதங்கள் அதைப் பற்றிப் பேசக்கூட அவரால் முடியவில்லை. அதன்பின் 1840 வரை வாழ்ந்தார்.

அபினும் மதுவும் பயன்பட்டன, மறுக்கவில்லை. ஆனால் வலி தெரியாத அளவுக்குக் கொடுத்தால் மூச்சே நின்றுவிடும். அதனால்தான் அக்கால அறுவை மருத்துவர்கள் வேகத்தை நம்பினார்கள்.

இன்னொன்று: மூலிகைக் கலவை கொடுத்து உண்மையாகவே மயக்கி, 1804-லேயே ஜப்பானில் ஹனாஓகா செய்ஷூ மார்பக அறுவை செய்திருக்கிறார். அச்செய்தி அப்போது ஐரோப்பாவை எட்டவில்லை. பாஸ்டனில் ஈதர் என்ற மயக்க மருந்தின் பயனை எல்லோர் முன்னிலையிலும் காட்டியது 1846-இல்தான்.